கடையே காட்சிக்கூடமாகட்டும்

2022 மார்ச் மாத இறுதியில் நாட்டில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அமுலானது. அடுத்த மாதம் 12.5 கிலோ சமையல் எரிவாயுவின் விலை 4,860 ரூபாவாக ஏறியது. அந்த விலை கொடுக்கத் தயாராக இருந்தும் சிலிண்டர் கிடைக்காமல் எத்தனையோ சாப்பாட்டுக் கடைகள் மூடிக்கிடந்தன. எரிபொருள் என்பது வெறும் செலவல்ல, கடையைத் திறப்பதா மூடுவதா என்பதையே தீர்மானிக்கும் மூலப்பொருள் என்பது அன்று கிடைத்த பாடம்.

மாற்றுவழி பற்றிச் சொன்னால் வர்த்தகர் முதலில் கேட்பது, "யார் செய்து பார்த்தார்கள்?" என்பதுதான். நியாயமான கேள்வி. பதில் நமது பகுதியிலேயே இருக்கிறது.

தம்புள்ளைக்கு அருகிலுள்ள கண்டலம ஹோட்டல் 2000ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் 'லீட்' பசுமைக் கட்டடச் சான்றிதழைப் பெற்றது. தான் செய்வதை மறைத்து வைக்காமல், விருந்தினரும் மாணவரும் பார்க்கும்படி ஒரு சுற்றாடல் பூங்காவையும் அமைத்தது. சிக்கனமே அதற்கு நற்பெயரானது.

பெரிய முதலீடு இல்லாதவருக்கும் உதாரணம் உண்டு. 1980களில் உருவான 'அனகி' களிமண் அடுப்பில் ஒரே தீயில் இரண்டு பாத்திரங்கள் சூடாகும். அதைப் பரப்பியதில் கண்டியிலுள்ள 'ஐடியா' நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு.

இனி நமது கணக்கைப் பார்ப்போம்.

1. சுடுநீர்: 100 லீற்றர் நீரை 25 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்க ஏறத்தாழ 4 அலகு மின்சாரம் வேண்டும். நாளாந்தம் என்றால் மாதம் 120 அலகு. விடுதி நடத்துபவர் கூரையில் சூரிய நீர்ச்சூடாக்கி பொருத்தினால் இதில் பெரும் பகுதி மிஞ்சும். மழை நாட்களுக்கு மட்டும் மின்சாரம் துணையாக இருக்கலாம்.

2. விறகு: பச்சை விறகின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே தீயின் ஒரு பங்கு போய்விடும். போறணை வைத்திருப்பவர் விறகைப் பிளந்து, கூரையின் கீழ் காற்றோட்டமாக அடுக்கி, காயவைத்தே பயன்படுத்த வேண்டும். இதற்குத் தேவை இடமும் பொறுமையும் மாத்திரமே.

3. சூரிய மின்சாரம்: குளிரூட்டிகள் பகலில் ஓடும் கடைக்கு இது பொருந்தும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: மின்கலம் இன்றி, பொது மின்வழங்கலுடன் மட்டும் இணைந்த தொகுதி மின்வெட்டின்போது தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு மின்சாரம் தாக்காமலிருக்கவே அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் கடை இயங்க வேண்டுமாயின் மின்கலத்தையும் சேர்த்தே விலை கேளுங்கள்.

செய்து முடித்தபின் அதைக் காட்டுங்கள். சென்ற வருடம் எத்தனை அலகு, இவ்வருடம் எத்தனை அலகு, செலவு எவ்வளவு என்று கல்லாவுக்கு அருகே ஒரு பலகையில் எழுதி வையுங்கள். பழுது வந்தால் அதையும் எழுதுங்கள். குறையையும் சொல்பவரின் நிறையைத்தான் மக்கள் நம்புவார்கள். அக்குறணையிலோ கட்டுகஸ்தோட்டையிலோ ஒரு கடைக்காரர் தன் மின்பட்டியலைத் திறந்து காட்டினால், நூறு விளம்பரங்கள் செய்யாததை அது செய்யும்.

முதற்படி இன்றே எடுக்கக்கூடியது: கடந்த 12 மாத மின்சார, எரிவாயு, விறகுச் செலவை ஒரே தாளில் எழுதுங்கள். எங்கே கூடுதலாகப் போகிறதோ, அங்கிருந்து தொடங்குங்கள்.