வயசு மட்டும் காரணமில்லை

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவுக்குக் கொரோனா வரவே இல்லை, ஆனாலும் அந்த இரண்டு வருஷத்துக்குப் பிறகு அவர் பழைய அம்மாவாக இல்லை என்று எழுதியிருந்தீர்கள். 'வயசாகிடுச்சு, அவ்வளவுதான்' என்று உறவினர்கள் சொல்கிறார்களாம். அதை அப்படியே ஏற்றுக்கொண்டு விட்டுவிடாதீர்கள்.

மதுரை செல்லூர்க்காரன் நான். தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அதிகாலை, எங்கள் பகுதியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய பெரியாஸ்பத்திரியில், அரசு இராஜாஜி மருத்துவமனையில்தான் நிகழ்ந்தது. இறந்தவருக்கு 54 வயது. கட்டுக்குள் வராத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் அவருக்கு இருந்ததை அன்றைக்கே அரசு சொன்னது. யாருக்கு ஆபத்து அதிகம் என்பது ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு நோய்க்கும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கே பலர் திண்டாடினார்கள். ஊரடங்கில் பஸ் இல்லை, ஷேர் ஆட்டோ இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் தொற்றிக்கொள்ளும் என்ற பயம் வேறு. ஜூன் கடைசியில் மதுரைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. தறி நின்று, கூலியும் நின்ற வீடுகளில், மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொண்ட பெரியவர்களை நான் அறிவேன். கொதிப்பு ஏறுவது உடம்புக்குத் தெரியாது. பக்கவாதம் வந்து விழும்போதுதான் தெரியும்.

கண்ணும் அப்படித்தான். 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, ஊர் ஊராக முகாம் போட்டு, புரை விழுந்த பெரியவர்களை அழைத்து வந்து ஆபரேஷன் செய்து அனுப்பும். ஊரடங்கில் முகாம்கள் நின்றன. புரை நமக்காகக் காத்திருக்காது. பார்வை மங்கியவர் வீட்டுக்குள்ளேயே தடுக்கி விழுவார். இடுப்பெலும்பு முறிந்தால் பலர் பழையபடி நடப்பதே இல்லை.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் தினமும் திண்ணையில் உட்கார்ந்து தறிக்குத் தார் சுற்றுவார். வலது கை ராட்டையைச் சுழற்றும், இடது கை விரலிடுக்கில் நூல் ஓடும், வாய் போகிறவர் வருகிறவரையெல்லாம் விசாரிக்கும். ஊரடங்கில் நூல் வரவில்லை, ராட்டை பரணுக்குப் போனது. மகன் நல்லெண்ணத்தில்தான் உள்ளறையில் கட்டில் போட்டு, சாப்பாட்டை அறை வாசலில் வைத்தான். சில மாதங்களில் கட்டிலைவிட்டு எழவே பாட்டிக்குக் கை கொடுக்க ஆள் வேண்டியதாயிற்று. நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கவைத்த ஓர் ஆய்வில், கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை குறைந்திருந்தது. பாட்டிக்கோ மாதக்கணக்கு.

அந்த மகனைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது கடந்தவர்களுக்கு 2021 மார்ச் 1 முதல்தான் தடுப்பூசி கிடைத்தது. அதுவரை பயப்பட நியாயம் இருந்தது. ஊசி போட்ட பிறகும் பெரியவர்களை வெளியே விடாததுதான் தவறு.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, கொதிப்பு மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையானவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் உண்டு. கொரோனாக் காலம் நமக்குத் தந்த உருப்படியான ஏற்பாடு என்றால் இதைத்தான் சொல்வேன். ஊரடங்கின் முதல் மாதமே இது இருந்திருக்க வேண்டும். அடுத்த தொற்று வந்தால், ஒரு நாள்கூட நிற்கக் கூடாத வேலை இது.

இந்த வாரமே உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரை இந்தத் திட்டத்தில் பதிந்துவிடுங்கள். சர்க்கரை, கொதிப்போடு கண்ணையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவர் சம்மதித்தால், நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைத் தினமும் உடனிருந்து செய்ய வையுங்கள். இன்னொன்று: திடீரென்று குழப்பமாகப் பேசினாலோ, சாப்பாட்டை ஒதுக்கினாலோ, காய்ச்சல்தான் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். முதியவர்களுக்குத் தொற்று அப்படியும் தொடங்கும்.

டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
செல்லூரிலிருந்து உங்கள் சகோதரன்