உயரமா, வேகமா?

கேள்வி: கல்லூரிக் கூடைப்பந்து அணியில் ஆடும் என் மகன் குள்ளம். இனி தொழில்முறை அணிகளைப் போல 'கார்டு'களை வைத்தே ஆடப்போகிறோம் என்கிறாராம் பயிற்சியாளர். அப்படியென்றால் என்ன? இது அவனுக்கு நல்லதா?
- ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்: நல்லதுதான் அம்மா. முன்பெல்லாம் கூடைக்கடியில் நிற்கும் நெட்டையரிடம் பந்தைச் சேர்ப்பதே ஆட்டம். இப்போது பந்து, அதைத் தட்டி ஓட்டி ஆட்டத்தை நடத்தும் வேகமான வீரரான 'கார்டி'ன் கையில். கார்டைத் தடுக்க வரும் எதிரணி வீரரைச் சக வீரர் ஒருவர் மறித்து நிற்பார். அந்த இடைவெளியில் கார்டு உள்ளே பாய்வார். எதிரணி அவரைச் சூழ்ந்தால், வெளியே காத்திருப்பவருக்குப் பந்து போகும். உங்கள் ஏரியில் மீனவர்கள் ஒருவர் வலை இன்னொருவருக்கு இடைஞ்சலாகாமல் 'பாடு' என்று மீன்பிடிக்கும் இடங்களைப் பிரித்துக்கொள்கிறார்களே, அப்படி மற்ற வீரர்கள் விலகி நிற்க வேண்டும்.

காரணம் எளிய கணக்கு. 6.75 மீட்டர் கோட்டுக்கு வெளியிலிருந்து, மூன்று புள்ளி வீதம், பத்தில் நான்கு விழுந்தால் 12 புள்ளி. உள்ளேயிருந்து, இரண்டு புள்ளி வீதம், பத்தில் ஐந்து விழுந்தாலும் 10தான். தாக்குதலுக்குக் கிடைப்பது 24 விநாடி. அதற்குள் முடிவெடுப்பவர் கார்டு. அமெரிக்காவின் வில்லனோவா பல்கலைக்கழகம் கார்டுகளை நம்பி 2016, 2018இல் கல்லூரிப் பட்டம் வென்றது. 2018 அணியின் ஆட்டத்தை நடத்திய கார்டு ஜேலன் பிரன்சன் சுமார் ஆறேகால் அடிதான். அந்த உலகில் அது குள்ளம்.

ஆனால் முறை மாறினால் மட்டும் போதாது. இரு கையாலும் பந்தைத் தட்டி ஓட்டவும், தலை நிமிர்ந்து பாஸ் கொடுக்கவும், தூர எறிதலைத் தினமும் பழகவும் சொல்லுங்கள். தடுப்பாட்டத்தில் சோம்பினால் எந்தப் பயிற்சியாளரும் வெளியே உட்கார வைத்துவிடுவார்.