ஜூன் 18 அன்று போட்ட கையெழுத்து

இடைநிலை ஆசிரியராக இருந்து பட்டதாரி ஆசிரியரானதற்கு வாழ்த்துச் சொல்லி ஸ்வீட் கேட்காதவர்கள் இல்லை. அந்தப் பதவி உயர்வால் இன்றுவரை சம்பளத்தில் நான் என்ன இழக்கிறேன் என்று கேட்டவர்கள்தான் யாருமில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

என் கணக்கு 2004-ல் தொடங்குகிறது. அப்போது தொகுப்பூதியம். இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 3,000 ரூபாய். 1.6.2006 முதல் காலமுறை ஊதியத்துக்குக் கொண்டுவந்தார்கள். முந்தைய இரண்டு வருடம் தேர்வுநிலைக்கும் சேரவில்லை, இன்கிரிமென்ட்டுக்கும் சேரவில்லை. அதே வகுப்பறை, அதே பிள்ளைகள், அதே சாக்பீஸ். பணிப்பதிவேட்டில் மட்டும் அந்த இரண்டு வருடத்துக்கு மதிப்பே இல்லை. 1.6.2009-க்குப் பிறகு வந்த தம்பி தங்கைகளின் நிலை இன்னும் மோசம். அப்போது எங்களுக்கு அடிப்படை 11,170, அவர்களுக்கு 8,000. 3,170 ரூபாய் வித்தியாசத்துக்காக அவர்கள் இன்னும் போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயம் என்றுதான் எப்போதும் சொல்லி வருகிறேன்.

மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். வருடத்துக்கு 3 சதவீத இன்கிரிமென்ட், பத்து வருடத்தில் தேர்வுநிலை, இருபதில் சிறப்புநிலை. கூடுதலாகப் படித்து முடித்தவர்களுக்குக் கிடைத்துவந்த ஊக்க ஊதிய உயர்வை 10.3.2020 அரசாணை நிறுத்திவிட்டது. இனி என் தவறுக்கு வருகிறேன்.

ஜூன் மாதத்தில் காலமுறைக்கு வந்ததால் என் இன்கிரிமென்ட் ஏப்ரல் 1-ல் வந்துகொண்டிருந்தது. நமக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று நான்கே தேதிகள்தானே, சேர்ந்த காலாண்டின் முதல் நாள்தான் கணக்கு. அம்மாவுக்கு ஆபரேஷன் ஆனபோது 45 நாள் ஊதியமில்லா விடுப்பு எடுத்தேன். அத்தனை நாள் தள்ளிப்போனதில் இன்கிரிமென்ட் ஜூலை 1-க்கு நகர்ந்தது. விடுப்பு எடுத்ததில் எனக்கு வருத்தமே இல்லை. அம்மா அதற்குப் பிறகும் நான்கு வருடம் எங்களோடு இருந்தார்.

2018 ஜூன் 18-ல் பதவி உயர்வில் சேர்ந்தேன். ஜூலை 1-க்கு இருந்தது பதின்மூன்றே நாள். அலுவலகத்தில் எழுத்தர் ஒரு தாளை நீட்டினார். "டீச்சர், இதுல ஒரு சைன் போட்டுடுங்க, இந்த மாச பில்லுலயே ஏத்திடறேன்." பதவி உயர்வு பெற்ற தேதியிலேயே ஊதியத்தை நிர்ணயிக்க நான் விரும்புவதாக அதில் டைப் செய்திருந்தது. அடுத்த இன்கிரிமென்ட் தேதியில் நிர்ணயம் செய்யும்படியும் கேட்கலாம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போட்டுவிட்டேன்.

அடிப்படை அப்போது 42,000 பக்கம். பதவி உயர்வுக்கான ஒரு படி அன்றே ஏறியது. ஆனால் பதின்மூன்று நாளில் வரவேண்டிய ஜூலை இன்கிரிமென்ட் போனது போனதுதான். அடுத்தது 2019 ஏப்ரலில். பழைய பதவியில் என் அளவே சம்பளம் வாங்கி, ஜூலையிலேயே இன்கிரிமென்ட் இருந்த தோழி ஒருத்தி என்னோடு அன்றே சேர்ந்தாள். அவள் ஜூலை 1-ஐக் கேட்டு எழுதிக்கொடுத்தாள். ஜூன் கடைசிப் பன்னிரண்டு பதின்மூன்று நாளுக்கு அவளுக்கு என்னைவிடச் சில நூறு குறைவு. ஜூலை 1-ல் வழக்கமான இன்கிரிமென்ட், பதவி உயர்வுப் படி, இரண்டும் சேர்ந்து ஏறின. ஏப்ரலில் அவளைப் பிடிக்கிறேன். ஜூலையில் அவள் மறுபடி ஒரு படி மேலே போய்விடுகிறாள். வருடத்தில் ஒன்பது மாதம் நான் ஒரு படி கீழே. அன்று அது சுமார் 1,300 ரூபாய், அதன் மேல் அகவிலைப்படி. அடிப்படை ஏற ஏற இழப்பும் ஏறுகிறது.

அந்த வருடம் தீபாவளிக்கு முன் எங்கள் இருவரின் பே ஸ்லிப்பையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது தெரிந்தது. அலுவலகத்துக்கு ஓடினேன். "விருப்பம் கொடுத்தா கொடுத்ததுதாங்க, மாத்த முடியாது. படிச்சுப் பார்த்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க" என்றார் அதே எழுத்தர். படிக்காமல் போட்டது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். இரண்டு வழி இருக்கும்போது ஒன்றை மட்டும் டைப் செய்து நீட்டியது யாருடைய தவறு? எனக்கு இன்னும் பதில் வரவில்லை.

ஆகவே பதவி உயர்வு ஆணை வந்ததும் முதலில் பணிப்பதிவேட்டைத் திறந்து அடுத்த இன்கிரிமென்ட் தேதியைப் பாருங்கள். அது கிட்டத்தில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், அந்தத் தேதியிலிருந்து நிர்ணயம் கேட்டு உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் நாற்காலியை விட்டு எழாதீர்கள். அலுவலகமே பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும் மூத்தவர்கள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்கள். அவர்கள் யாரும் என் 1,300 ரூபாயைத் தரப்போவதில்லை.

2028 ஜூனில் பட்டதாரி ஆசிரியராக எனக்குப் பத்து வருடம் நிறைகிறது. தேர்வுநிலைக்கான கருத்துருவை இப்போதே என் கையெழுத்தில் எழுதி, பணிப்பதிவேட்டு நகலோடு பச்சை ஃபைலில் போட்டு வைத்திருக்கிறேன். அது பீரோவில், அம்மாவின் புடவைகளுக்குக் கீழே இருக்கிறது.