வெளியூரில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒவ்வாமை ஊசி

புளியங்குடியிலிருந்து திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் கோவைக்கும் மேற்படிப்புக்காகச் செல்லும் பிள்ளைகள் சிலர், ஒவ்வாமைக்கான ஊசி மருத்துவத்தை இடையில் கைவிட்டுவிடுகின்றனர். இம்மருத்துவம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை தொடரப்பட வேண்டியது. பாதியில் நின்றால் நிலையான பயன் கிட்டுவதில்லை.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். தும்மலும் தடிப்பும் மிகும்போது போடப்படும் அவில், டெக்சா ஊசிகள் வேறு. நாம் இங்கே கூறுவது வேறு. முன்னவை அன்றைய துன்பத்தை மட்டுமே தணிப்பவை. அவற்றுள் டெக்சா ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்தது; அடிக்கடி போட்டுக்கொண்டால் சர்க்கரையை உயர்த்தும், எலும்பை நலிவிக்கும். பின்னதோ, உடலுக்கு ஒவ்வாத பொருளின் சாற்றையே மிக நுண்ணிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டித் தோலுக்கடியில் செலுத்தி, உடலை அதற்குப் பழக்குவது. 1911ஆம் ஆண்டில் இலண்டனைச் சேர்ந்த லெனார்டு நூன் என்னும் மருத்துவர் புல்லின் மகரந்தத்தைக் கொண்டு இம்முறையைக் கையாண்டார். மூக்கொவ்வாமைக்கும் கட்டுக்குள் உள்ள ஆஸ்துமாவுக்கும் இது பயன்படும். உணவு ஒவ்வாமைக்கு இவ்வூசி போடப்படுவதில்லை.

நம் ஊரில் தும்மலுக்கெல்லாம் எலுமிச்சைப் பூவின்மேல் பழி போடுவது வழக்கம். அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. பூச்சிகள் சுமந்து செல்வது. காற்றில் மிகுதியாகப் பறப்பதன்று. மெத்தைத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணி, கரப்பான், புல், பார்த்தீனியம் ஆகியவற்றையே முதலில் ஐயுற வேண்டும். எதுவென்பதைத் தோல் சோதனை காட்டும்.

பிள்ளை புறப்படுமுன் கல்லூரியின் அல்லது பல்கலைக்கழகத்தின் நலவாழ்வு மையத்தோடு பேசிவிடுங்கள். ஊசி போடும் நேரத்தில் மருத்துவர் அங்கே இருப்பாரா, அட்ரினலின் மருந்தும் ஆக்சிஜனும் உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால், அவை உள்ள மருத்துவமனையையே நாடுங்கள். விடுதி அறையில் யாரும் போட்டுவிட வேண்டாம். எங்கள் கடிதம், இதுவரை போட்ட அளவுகளின் அட்டவணை, பெயரும் செறிவும் காலாவதி நாளும் எழுதிய மருந்துக் குப்பி ஆகிய மூன்றும் உடன் செல்ல வேண்டும். குப்பி 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும், உறைந்துவிடக் கூடாது. பேருந்துப் பயணத்தில் பனிக்கட்டிப் பையின்மேல் நேராக வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

ஊசிக்குப்பின் 30 நிமிடம் அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிறது என்று எழுந்து செல்லும் மாணவர்களைக் குறித்தே எங்களுக்குக் கவலை மிகுதி. கடுமையான எதிர்விளைவு அரிதே எனினும், பெரும்பாலும் அந்த அரைமணி நேரத்துக்குள்தான் தலைகாட்டுகிறது. உள்ளங்கை அரிப்பு, உடல் தடிப்பு, தொண்டை இறுக்கம், இருமல், வாந்தி, தலைச்சுற்றல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே சொல்ல வேண்டும். அப்போது உயிர்காப்பது தொடையின் வெளிப்புறத் தசையில் போடப்படும் அட்ரினலின். அவில் அதற்கு ஈடாகாது. அன்று ஓட்டப் பயிற்சி, கைப்பந்து முதலியவற்றைத் தவிர்ப்பது நல்லது.

காய்ச்சலோ இழுப்போ உள்ள நாளில் ஊசியைத் தள்ளிவையுங்கள். தேர்வு, விடுமுறை காரணமாகத் தவணை தவறினால் பழைய அளவையே போடச் சொல்லாதீர்கள். இடைவெளியைப் பொறுத்து அளவைக் குறைக்க நேரிடும். எங்களைத் தொலைபேசியில் கேட்டபின் போட்டுக்கொள்ளலாம்.