தாழ்மையும் விசுவாசமும்

கிறிஸ்தவ ஒழுக்கத்தைப் பற்றி உரைப்போர் தாழ்மை, விசுவாசம் என்னும் இரு சொற்களையும் பெரும்பாலும் இணைத்தே வழங்குவர். கேட்டுக் கேட்டுப் பழகிய செவிக்கு அவற்றின் பொருள் உறைப்பதில்லை. ஆகலின், தமிழ் பயில்வார் ஒருவர்க்கு இயன்ற முறையில் முதற்கண் அச்சொற்களைச் சிறிது ஆராய்ந்து, பின்னர் அவை ஒருவர் வாழ்க்கையில் விளங்கியவாற்றைக் கூற முற்படுகின்றேன். அவ்வாழ்க்கை திரும்பிய இடம் திண்டிவனம். முன்னாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்து, இந்நாளில் எங்கள் கண்டமங்கலத்தைப்போலவே விழுப்புரம் மாவட்டத்தில் அடங்கிய ஊர் அது.

'தாழ்' என்னும் அடியினின்று தாழ்வு, தாழ்ச்சி, தாழ்மை முதலிய சொற்கள் பிறந்தன. இவை ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளேயாயினும் குணத்தால் வேறுபட்டவை. தாழ்வு ஒருவனுக்கு வந்து நேரும் நிலை. தாழ்மை ஒருவன் தானே மேற்கொள்ளும் பண்பு. 'தாழ்ந்தான்' என்பது தன்வினை. 'தாழ்த்தினான்' என்பது பிறவினை. இவ்வேறுபாட்டை இலக்கண வகுப்பில் எளிதில் கூறிவிடுகின்றோம். ஊரும் சேரியும் வேறுவேறாக அமைந்த நம் கிராமங்களில் அதனை மறந்துவிடுகின்றோம். நம் திருச்சபைகளைச் சேர்ந்தோருள் பலர் தலைமுறை தலைமுறையாகப் பிறரால் தாழ்த்தப்பட்டவர்களின் வழிவந்தோர். அவரை நோக்கி, மேலிடத்தில் அமர்ந்த ஒருவன், "தாழ்மையாயிரு" என்று கூறுவானாயின் அஃது உபதேசமன்று. பழைய அதிகாரமே புதிய ஆடை உடுத்து வந்ததாகும். பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தில் பவுல் காட்டும் தாழ்மை, உயர்ந்த இடத்திலிருந்தவர் தம் உரிமையைத் தாமாகவே விட்டுப் பணியாளர் நிலைக்கு இறங்கிவந்த தாழ்மை. சீஷர்களின் கால்களைக் கழுவியவரும் போதகரே. கழுவும்படி சீஷர் எவரும் அவரை ஏவவில்லை. ஆகவே கிறிஸ்தவத் தாழ்மை முழுதும் தன்வினை என்க.

திருவள்ளுவர் அடக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அதுவும் இதுவும் ஒன்றோ எனின், மிக நெருங்கிய உறவின எனலாம். ஆயினும் அடக்கம் ஒருவன் தன் மனமொழிமெய்களைத் தானே காத்துக்கொள்வது. தனியே இருப்பானுக்கும் அது கைகூடும். தாழ்மைக்கோ முன்னிலையில் ஒருவர் வேண்டும். கடவுளின் முன் நிற்கின்றோம் என்னும் உணர்ச்சி இல்லாதவிடத்து அது வெறுங் கூச்சமாகவும், சில வேளைகளில் நடிப்பாகவும் போய்விடும்.

இனி, விசுவாசம் என்பது வடசொல். மூச்சு விடுதலைக் குறிக்கும் 'ச்வஸ்' என்னும் அடியினின்று பிறந்தது. அச்சம் நீங்கி ஆறுதலாக மூச்சு விடுதல் என்பதே அதன் முதற்பொருள் என்று கொள்வது பொருந்தும். தமிழ்நாட்டு வழக்கிலோ, உண்ட வீட்டுக்கு உண்மையாயிருத்தலையும் விசுவாசம் என்கின்றோம். நாயையும் விசுவாசமுள்ளது என்கின்றோம். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு இச்சொல்லை விடுத்து 'நம்பிக்கை' என்னும் சொல்லை ஆள்கின்றது. தெளிவுக்கு அது நன்றே. எனினும் அச்சமின்மையும் உண்மை தவறாமையும் ஒருங்கே தொனிக்கும் பழைய சொல்லை இழக்க எனக்கு மனமில்லை.

நீதிமொழிகள் 3-ஆம் அதிகாரம், தன் அறிவையே ஊன்றுகோலாகக் கொள்ளாது முழுநெஞ்சோடு ஆண்டவரை நம்பவேண்டும் எனப் போதிக்கின்றது. அறிவை ஊன்றுகோலாகக் கொள்ளாதே என்றதனை, அறிவைப் பயன்படுத்தாதே என்று சிலர் கொள்கின்றனர். தேர்வுக்கு முன்னாளிரவு நூலை மூடிவைத்து முழந்தாளிடும் விசுவாசிகள் நம் விடுதிகளிலும் இல்லாமலில்லை! பிணியுற்றபோது மருந்தை விலக்குவதே விசுவாசம் என்று கருதுவாரும் உளர். அவ்விரு திறத்தாரும் பின்வரும் வரலாற்றைச் சற்றே நோக்குவாராக.

அமெரிக்காவினின்று 1819-இல் புறப்பட்டு இலங்கைக்கு வந்த மருத்துவ மிஷனெரி ஜான் ஸ்கடர். அவருடைய மக்கள் 1853-இல் அமெரிக்க ஆர்க்காட்டு மிஷனை நிறுவினர். அக்குடியின் மூன்றாந் தலைமுறையில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள், இராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா ஸ்கடர். தாது வருஷப் பஞ்சத்தில், தாமே சிறு குழந்தையாயிருந்தும், பசியால் வாடிய குழந்தைகளுக்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்த நினைவு அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. அந்நினைவு அவரை ஊழியத்துக்கு ஈர்க்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. மாறாக, இந்நாட்டை விட்டு விலகிவாழும் விருப்பத்தையே தந்தது. அமெரிக்காவில் கல்வி கற்று, அங்கேயே இல்லறம் நடத்த எண்ணியிருந்தார். தாயார் நோயுற்றமையால் மட்டுமே, 1890-ஆம் ஆண்டளவில், தந்தையார் பணியாற்றிய திண்டிவனத்து மிஷன் பங்களாவுக்கு வந்தார். விரைவில் திரும்பிவிடுவதே அவர் கருத்து.

அங்கே ஓரிரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். முதல்வர் பிராமணர்; அடுத்தவர் முகம்மதியர்; மூன்றாமவர் உயர்குடி இந்து. மூவர் மனைவியரும் பிள்ளைப்பேற்றின் வேதனையில் இருந்தனர். மூவரும் ஐடாவையே அழைத்தனர். தாம் மருத்துவம் அறியாதவர் என்றும், தம் தந்தையாரே மருத்துவர் என்றும் அவர் கூறியும், அயலான் ஒருவன் தம் பெண்டிரைப் பார்ப்பதற்கு அவர்கள் இசைந்திலர். மூவரும் வந்த வழியே மீண்டனர். அன்றிரவு ஐடா உறங்கவில்லை. பொழுது விடிந்ததும் சாப்பறை கேட்டது. ஆளனுப்பி விசாரிக்க, அம்மூன்று பெண்களும் இறந்தனர் என்ற செய்தி வந்தது.

இதனைச் சொல்லும் பேச்சாளர் சிலர் அம்மூன்று கணவரையும் கொடியராகச் சித்திரிப்பர். எனக்கு அது நேர்மையாகத் தோன்றவில்லை. நள்ளிரவில் பிற சமயத்தார் வீட்டு வாயிலில் வந்து நின்று கெஞ்சியவன் மனைவியை நேசியாதவனல்லன். அவன் நெஞ்சைவிட அவன் வழக்கம் வலிதாயிருந்தது; அவ்வளவே. அப்பெண்களின் பெயர்களோ யான் பயின்ற வரலாறுகளில் இல்லை.

அன்றிரவு ஐடா கூறிய விடையைக் கருதுக: எனக்குத் தெரியாது என்பதே அது. அதனைக் கூறிவிட்டு உறங்கியிருந்தால் அஃது உண்மையாயிருக்கும்; தாழ்மையாகாது. காலையில் அவர் பெற்றோரிடம் சென்று, மருத்துவம் கற்கப் போவதாகவும், கற்று இந்நாட்டுப் பெண்களுக்குப் பணிசெய்யத் திரும்புவதாகவும் அறிவித்தார். தெரியாது என்பதை ஒப்புக்கொண்டவர், தெரிந்துகொள்வதற்குத் தம் இளமையின் நல்லாண்டுகளைக் கொடுத்தார். பிலடெல்பியாவிலுள்ள பெண்கள் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, பெண்களுக்குக் கதவு திறந்தவுடன் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி, 1899-இல் பட்டம் பெற்றார். உடற்கூறும் நோய்க்குறியும் மனப்பாடம் செய்த அவ்வாண்டுகள் யாவும் திண்டிவனத்தில் அவர் செய்த ஜெபத்தின் தொடர்ச்சியே என்பது என் துணிபு.

1900-இல் அவர் வேலூர் வந்தார். மனைவியின் நினைவாக மருத்துவமனை ஒன்று எழுப்புமாறு நியூயார்க்கு நகரத்துச் செல்வர் ஷெல் என்பார் அளித்த 10,000 டாலர் அவர் கையில் இருந்தது. துணையாக இருந்து தொழிலைப் பழக்குவார் என்று நம்பியிருந்த தந்தையாரோ அவ்வாண்டிலேயே காலமானார். தாழ்மையும் விசுவாசமும் ஒருங்கே சோதிக்கப்பட்ட காலம் இதுவே என்பேன். முப்பது வயதும் நிரம்பாத, அனுபவமற்ற ஒரு பெண் மருத்துவரை நம்பி நோயாளிகள் எளிதில் வந்திலர். வீட்டிலே ஒரு சிற்றறையில் மருந்து கொடுக்கத் தொடங்கினார். இரண்டாண்டுகளில் ஐயாயிரம் பேர் அவரிடம் மருத்துவம் பெற்றனர். 1902-இல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளிகள் வர இயலாத ஊர்களுக்கு அவரே சென்றார். குடியாத்தம் சாலையின் மரநிழல்களில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுத்தார்.

தாம் ஒருவரே போதார் என்பதை உணர்ந்தமை இவ்வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. திறமையுடையார் பலர் இவ்விடத்திலேயே இடறுகின்றனர்; தம்மையன்றி ஒன்றும் நடவாது என்பதில் அவர்க்கோர் இன்பம் உண்டு. ஐடாவோ தம்மைப்போற் பலரை ஆக்க முயன்றார். 1909-இல் செவிலியர் பயிற்சி தொடங்கிற்று. 1918-இல் பெண்களுக்கென ஒரு மருத்துவப் பள்ளி தொடங்க முனைந்தபோது, ஆறு பேரேனும் விண்ணப்பிப்பரோ என அரசாங்க மருத்துவத் தலைவர் ஐயுற்றார் என்பர். முதலாண்டிலேயே வந்த விண்ணப்பங்கள் 151.

தாழ்மையை ஏவலுக்குப் பணிதல் என்று மயங்குவார்க்கு, அண்டையிலுள்ள திருப்பத்தூரிலிருந்து மற்றொரு சான்றும் தரலாம். சவரிராயன் ஜேசுதாசன், எர்னெஸ்ட் பாரெஸ்டர் பேட்டன் என்னும் மருத்துவர் இருவர் 1921-இல் அங்குக் கிறிஸ்துகுல ஆசிரமத்தை நிறுவினர். தமிழரான ஜேசுதாசனைப் 'பெரியண்ணன்' என்றும், ஸ்காட்லாந்தவரான பேட்டனைச் 'சின்னண்ணன்' என்றும் எல்லோரும் அழைத்தனர். வெள்ளையர் ஆண்ட காலத்தில் ஒரு வெள்ளையர் தமிழர் ஒருவர்க்கு இளையவராக அமர்ந்த இவ்வுறவுமுறையைத் தமிழறிந்தாரே முழுதும் சுவைப்பர். அதே பேட்டன் கதராடை உடுத்தமைக்காக 1932-இல் சென்னையில் காவலரால் அடிபட்டார். கதரை அவர் களைந்தாரல்லர்.

ஐடாவின் கதைக்கு மீள்வோம். மருத்துவப் பள்ளிகள் பல்கலைக்கழகப் பட்டக் கல்லூரிகளாக உயரவேண்டும் என 1938-இல் அரசாங்கம் விதித்தது. பேராசிரியரும் கட்டடமும் பெரும்பொருளும் தேவைப்பட்டன. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. மேலும் வருத்தம் தந்த ஒன்றும் உடன் வந்தது. திண்டிவனத்து இரவினின்று பிறந்தது பெண்களுக்கான கல்லூரி; அதனை நிலைநிறுத்தவோ, ஆண்களையும் சேர்த்துப் பல மிஷன்களின் உதவியோடு நடத்தவேண்டிய நிலை நேர்ந்தது. அவருடைய பழைய ஆதரவாளர் சிலரே அதனை வன்மையாக எதிர்த்தனர். தம் வாழ்நாட் கனவின் வடிவத்தை மாற்றப் பிறர் கூறும்போது இசைதல், அக்கனவுக்காக உழைப்பதினும் அரிது. அவர் இசைந்தார். 1947-இல் ஆண் மாணவர் சேர்ந்தனர்.

எங்கள் பக்கத்தில் உள்ளூர் மருத்துவர் கைவிரித்தால், "வேலூருக்குக் கொண்டுபோ" என்பது இன்றும் கேட்கும் சொல். விழுப்புரத்தில் காட்பாடி வண்டி ஏறினால் திருவண்ணாமலை வழியாக வேலூர் சேரலாம். அப்பாதையில் கண்ணமங்கலம் என்றொரு நிலையமும் உண்டு. எங்கள் ஊர்ப் பெயரோடு அதனை மயங்குவாரைத் திருத்துவது எங்களுக்குப் பழகிய வேலை. அவ்வண்டியில் செல்லும் கர்ப்பிணிப் பெண்கள் திண்டிவனத்து இரவைக் கேள்வியுற்றிருக்க மாட்டார்கள். அங்குப் பெண் மருத்துவர் இருப்பாரோ என்று ஐயுறுவாரும் அவர்களுள் இல்லை.

1946-இல் ஐடா ஓய்வு பெற்றார். அடுத்த சில ஆண்டுகளுக்குள் இந்தியப் பெண் மருத்துவராகிய ஹில்டா லாசரஸ் அந்நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். ஐடாவோ கொடைக்கானல் மலையில் தம் வீட்டில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம் 24-ஆம் நாள் அங்கேயே இயற்கை எய்தினார்.