தலைவலிக்கும் ஒரு கணக்கு

சேமிப்புக் கணக்கில் ஒரு ரூபாய் குறைந்தாலும் அன்றே கிளைக்கு வந்து விளக்கம் கேட்பவர்கள் நம் வாடிக்கையாளர்கள். ஆயினும், சென்ற மாதம் எத்தனை நாள் தலைவலிக்கு மாத்திரை விழுங்கினோம் என்று வினவினால் நம்மில் பெரும்பாலோர்க்கு விடை தெரியாது. கவுண்டருக்கு இப்பால் அமர்ந்திருக்கும் வங்கி ஊழியர்களும் இதற்கு விலக்கல்லர். அந்த எண்ணிக்கை ஏன் முக்கியம் என்பதையே இங்குக் காண்போம்.

கர்நாடகத்தில் 18 முதல் 65 வயது வரையுள்ளோரிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஏறத்தாழ நான்கு பேரில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்திருந்தது தெரியவந்தது. இதனை நாம் ஒற்றைத் தலைவலி என்கிறோம். ஆனால் வலி இரு பக்கமும் வரக்கூடும். விண்விண் என்று தெறிக்கும், படியேறினால் மிகும், குமட்டலோ, வெளிச்சமும் ஓசையும் தாங்காத நிலையோ உடன் வரும். மருந்தின்றி விட்டால் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கும். சிலருக்கு வலிக்கு முன்பே கண்முன் நெளியும் ஒளிக்கோடுகள் தோன்றி ஒரு மணி நேரத்திற்குள் மறையும். தலையைச் சுற்றிப் பட்டை கட்டி இறுக்கியது போன்ற வலி வேறு வகை. அது நடந்தால் மிகுவதில்லை. இவ்வேறுபாடு அறியாமல், சைனஸ் என்றும் பார்வைக் கோளாறு என்றும் எண்ணிக் கண்ணாடியை மாற்றிக்கொண்டே இருப்போர் பலர்.

வேளை தவறிய உணவு, குறைந்த அல்லது மிகுந்த உறக்கம், கடும் வெயில், பெண்களுக்கு மாதவிடாய் நாள்கள் ஆகியவை வலியைத் தூண்டலாம். தலைக்குக் குளித்தால் தலைவலி வரும் என்று நம் வீட்டுப் பெண்கள் சொல்வதைச் சிரித்துத் தள்ளுவோர் உண்டு. இவ்வாறு வலி வந்த 94 இந்திய நோயாளிகளைப் பற்றிய மருத்துவக் கட்டுரை 2006இல் வெளியாகியுள்ளது. சிரித்தவர்கள் இனியேனும் நம்பலாம்.

இனி மாத்திரைக்கு வருவோம். வலியைத் தணிக்க உண்ணும் மருந்தே, அடிக்கடி உண்ணும்போது தலைவலியை வளர்க்கிறது. பாராசிட்டமால் போன்ற எளிய மாத்திரைகளை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, காஃபீன் முதலியன சேர்ந்த கலவை மாத்திரைகளையும் டிரிப்டான் வகை மருந்துகளையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதங்களைக் கடந்தும் உட்கொண்டு வந்தால் இந்நிலை ஏற்படக்கூடும். அப்போது மாதத்தில் பாதி நாளேனும் தலைவலி இருக்கும். வலி வருவதால் மாத்திரை, மாத்திரையால் மீண்டும் வலி. கடனை அடைக்கக் கடன் வாங்குபவரின் நிலையை அன்றாடம் காணும் நமக்கு இதனை விளக்கவேண்டியதில்லை.

இங்கு எண்ண வேண்டியது மாத்திரைகளை அன்று, நாள்களை. ஒரே நாளில் இரண்டு உண்டாலும் அது ஒரு நாளே. பழைய டைரி ஒன்று போதும்: தேதி, வலி நீடித்த நேரம், உண்ட மருந்தின் பெயர், முந்தைய நாளின் உணவும் உறக்கமும். பெண்கள் மாதவிடாய்த் தேதியையும் குறிக்கலாம். மூன்று மாதப் பதிவைக் கையில் கொண்டு சென்றால் மருத்துவருக்கு அது பேருதவி. மாதத்தில் நான்கு நாளுக்கு மேல் வலி முடக்கினால், வலியைத் தடுக்கும் மருந்து வேண்டுமா என்று அவரிடமே கேட்கலாம். புரோப்ரனலால் போன்றவை அவ்வகை; ஆஸ்துமா உள்ளோர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும். இவற்றின் பயன் தெரிய இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். இரண்டே வாரத்தில் பயனில்லை என்று நிறுத்திவிடலாகாது. மிகையாக உண்டுவந்த வலி மாத்திரையை நிறுத்தும்போது முதற்சில நாள்கள் வலி கூடும் என்பதால், அதனையும் மருத்துவர் மேற்பார்வையில் செய்வதே நன்று.

டைரிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய தலைவலிகளும் உண்டு. இடி விழுந்தாற்போல் நொடியில் உச்சமடையும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ உடன் வரும் வலி, தலையில் அடிபட்ட பின் மிகும் வலி ஆகியவற்றுக்கு ஒரு மணி நேரமும் தாமதிக்கலாகாது. ஐம்பது வயதைக் கடந்த பின் முதன்முறையாகத் தொடங்கும் தலைவலியையும், கருவுற்ற காலத்தில் புதிதாக வரும் கடுந்தலைவலியையும் வீட்டிலுள்ள மாத்திரையால் அடக்க முயலாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.