குழந்தையின் கால் பெருவிரலைக் கவனியுங்கள்

இம்முறை நம்மில் பலர் கேள்விப்பட்டே இராத ஒரு நோயைப் பற்றிப் பார்ப்போம். ஏறக்குறைய பத்து இலட்சம் பேரில் ஒருவருக்கு வரும் நோயை நாம் ஏன் அறிந்திருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இதன் முதல் அடையாளம் பிறந்த குழந்தையின் காலிலேயே தெரிகிறது. குளிப்பாட்டும் தாயோ அம்மம்மாவோ அதை வைத்தியருக்கு முன்பே கண்டுவிடலாம்.

இது என்ன நோய்?

இதன் பெயர் பைப்ரோடிஸ்பிளேசியா ஒசிபிகன்ஸ் புரோகிரெசிவா. சுருக்கமாக எவ்.ஓ.பி. என்பர். தசைகளும், அவற்றை எலும்போடு பிணைக்கும் நாண்களும் சிறிது சிறிதாக உண்மையான எலும்பாகவே மாறிவிடுகின்றன. பெரும்பாலும் பத்து வயதுக்குள் கழுத்திலோ முதுகிலோ தோளிலோ திடீரென வலியுடன் வீக்கம் தோன்றும். வீக்கம் வற்றினாலும் அந்த இடத்தில் எலும்பு தங்கிவிடும். பின்னர் முழங்கை, இடுப்பு, முழங்கால், தாடை என மூட்டுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ளும். இதயம், நாக்கு, கண் தசைகள் ஆகியவை பாதிக்கப்படுவதில்லை.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் உள்ள மியூட்டர் நூதனசாலையில் ஹரி ஈஸ்ட்லாக் என்பவரின் எலும்புக்கூடு வைக்கப்பட்டுள்ளது. 1933இல் பிறந்த இவர், 40 வயதை எட்டச் சில நாட்களே இருந்தபோது 1973இல் இறந்தார். இறுதிக்காலத்தில் அவரால் உதடுகளை மட்டுமே அசைக்க முடிந்தது. ஆராய்ச்சிக்கு உதவட்டும் என்று தன் உடலை அவரே வழங்கிச் சென்றார்.

காரணம் என்ன?

ஏ.சி.வி.ஆர்.1 என்ற மரபணுவில் ஏற்படும் ஒரு சிறு மாற்றமே காரணம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பிரெடரிக் கப்லன், ஐலீன் ஷோர் குழுவினர் இதை 2006இல் கண்டறிந்தனர். பெரும்பாலான நோயாளரின் பெற்றோருக்கு இந்த மாற்றம் இருப்பதில்லை. அது பிள்ளையிடம் புதிதாகத் தோன்றுகிறது. எனவே சொந்தத்தில் திருமணம் செய்ததாலோ, கர்ப்ப காலத்தில் உண்ட உணவாலோ வந்தது என்று யாரையும் குறை சொல்ல வேண்டாம். நோயுள்ள ஒருவரின் பிள்ளைக்கு மட்டும் இது வர 50 வீத வாய்ப்பு உண்டு.

எதைக் கவனிக்க வேண்டும்?

நோயுள்ள குழந்தையின் இரு கால் பெருவிரல்களும் பிறக்கும்போதே குட்டையாக, மற்ற விரல்களின் பக்கம் வளைந்திருக்கும். வளைந்த விரல் எல்லாம் இந்த நோய் அல்ல. ஆனால் அத்தகைய விரலோடு, காரணம் தெரியாத வீக்கமும் வந்தால், விரலை வைத்தியரிடம் காட்டுங்கள். மரபணுப் பரிசோதனையால் நோயை உறுதிசெய்யலாம்.

இது ஏன் முக்கியம்? இந்த வீக்கத்தைப் புற்றுநோய்க் கட்டி என எண்ணி, சதையை வெட்டிப் பரிசோதிப்பதுண்டு. வெட்டிய இடத்தில் மேலும் எலும்பு வளர்ந்துவிடும். 138 நோயாளரை ஆராய்ந்து 2005இல் வெளியான ஆய்வில், பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் முதலில் தவறான நோயே சொல்லப்பட்டிருந்தது.

நோயுள்ளோர் தவிர்க்க வேண்டியவை

1. வளர்ந்த எலும்பை அகற்றும் சத்திரசிகிச்சை.
2. தசையில் போடும் ஊசி. தடுப்பூசியைத் தோலுக்கடியில் போட இயலுமா என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.
3. பல் வைத்தியத்தில் தாடைத் தசையினூடாகப் போடும் விறைப்பு ஊசி.
4. கை கால்களைப் பலமாக இழுத்து உருவுதல், விழுந்து அடிபடுதல்.

இவை நோயுள்ளோருக்கு மட்டுமே. மற்றப் பிள்ளைகளுக்குத் தடுப்பூசியை நிறுத்திவிடாதீர்கள்.

சிகிச்சை உண்டா?

முழுமையாகக் குணமாக்கும் மருந்து இல்லை. புதிய எலும்பு வளர்வதைக் குறைக்கும் பாலோவரோட்டீன் என்ற மருந்துக்குக் கனடா 2022இலும் அமெரிக்கா 2023இலும் அனுமதி வழங்கின. ஏற்கெனவே வளர்ந்த எலும்பை அது கரைக்காது. சிறுவரின் வளர்ச்சியையும் கருவையும் அது பாதிக்கக்கூடும் என்பதால் நிபுணரின் கண்காணிப்பு அவசியம்.

அடுத்த முறை குழந்தையைக் குளிப்பாட்டும்போது இரு பெருவிரல்களையும் ஒருகணம் பாருங்கள். சந்தேகம் இருந்தால் தயங்காமல் உங்கள் குடும்ப வைத்தியரிடம் கேளுங்கள்.